கொரோனாவும் ஆண்களின் குழந்தைப்பேறும்: குற்றவாளிக் கூண்டில் ஏன் பெண் மட்டும்?

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேடையில் பேச எல்லோரும் தயங்குகிற ஒரு விஷயத்தை இன்று பேசப் போகிறேன். விந்து, விந்தணு, குழந்தைப்பேறு என்ற வார்த்தைகள் இந்த உரையில் வரும். முகம் சுளிக்க வேண்டாம். எங்கள் மதரஸாக்களில் ஃபிக்ஹ் கிதாபைத் திறந்தால் முதல் பாடமே சுத்தம் பற்றியதுதான். எதனால் குளிப்புக் கடமையாகும், எது விந்து, எது விந்து அல்ல என்று பதினைந்து வயதுப் பிள்ளைகள் சத்தம் போட்டு ஓதுகிறார்கள். அங்கே இல்லாத வெட்கம் நமக்கு இங்கே எதற்கு?

வெட்கத்தால் வாயை மூடிக் கொண்டிருந்தால் பரவாயில்லை. ஆனால் நம் வெட்கத்துக்கு விலை கொடுப்பவள் ஒரு பெண். நிக்காஹ் முடிந்து இரண்டு வருடம் ஆகியும் வயிறு நிரம்பவில்லை என்றால், "மலடி" என்ற பட்டம் அவளுக்கு. ஸ்கேன் அவளுக்கு. மாத்திரை அவளுக்கு. ஊர் ஊராய் அழைத்துப் போய்த் தாயத்துக் கட்டுவது அவளுக்கு. கடைசியில் தலாக்கும் அவளுக்கு. இத்தனையும் நடந்து முடியும்வரை அந்தக் கணவன் ஒரே ஒரு முறையாவது விந்துப் பரிசோதனை செய்து கொண்டானா? இல்லை! இது நியாயமா? நீங்களே நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

2020க்குப் பிறகு இந்தப் பழைய அநியாயத்தோடு ஒரு புதிய குழப்பமும் சேர்ந்து கொண்டது. கொரோனா வந்தால் ஆணுக்குப் பிள்ளை பிறக்காது என்று ஒரு பேச்சு. இல்லை, தடுப்பூசி போட்டவனுக்குத்தான் பிள்ளை பிறக்காது என்று இன்னொரு பேச்சு. இதில் எது உண்மை, எது பொய்?

நோய் என்ன செய்கிறது?

கொரோனா என்பது மூச்சுக்குழாயைத் தாக்கும் வைரஸ் நோய். நுரையீரலுக்கும் ஆணின் விரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது.

இந்த வைரஸ் நம் உடலின் உயிரணுக்களுக்குள் நுழைய 'ஏசிஇ-2' என்ற ஒரு புரதத்தைக் கதவாகப் பயன்படுத்துகிறது. நுரையீரலில் இருப்பது போலவே விரையில் உள்ள உயிரணுக்களிலும் இந்தக் கதவு இருக்கிறது. அதனால்தான் 2020ல் மருத்துவர்கள் கவலைப்பட்டார்கள். அந்த ஆண்டு சீனாவின் ஹெனான் மாநில மருத்துவமனை ஒன்றில் 38 கொரோனா நோயாளிகளின் விந்தைப் பரிசோதித்தபோது 6 பேரிடம் வைரஸின் தடயம் கிடைத்தது. உலகம் முழுவதும் அது தலைப்புச் செய்தி ஆனது. ஆனால் அதன் பிறகு பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில் பெரும்பாலானவற்றில் விந்தில் வைரஸ் காணப்படவில்லை. இந்தச் செய்தி தலைப்பில் வரவில்லை!

அப்படியானால் பாதிப்பே இல்லையா? இருக்கிறது. வைரஸ் விரைக்குள் போய் உட்காராவிட்டாலும், அது கிளப்பி விடும் காய்ச்சலும், அதை எதிர்த்து உடல் நடத்தும் போரில் உண்டாகும் அழற்சியும் விரையைத் தாக்குகின்றன. விரைகள் உடலுக்கு வெளியே பையில் தொங்குவது ஏன்? விந்தணு உற்பத்திக்கு உடல் சூட்டைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி குறைவான சூடு வேண்டும். படைத்தவன் வைத்த ஏற்பாடு அது. காய்ச்சல் வந்தால் அந்த ஏற்பாடு கலைகிறது. டெங்கு, டைபாய்டு, கடுமையான ஃப்ளூ போன்ற காய்ச்சல்களிலும் இது நடக்கும். கொரோனாவில் மருத்துவமனையில் படுக்கும் அளவுக்கு நோய் முற்றியவர்களுக்கு, ஆண்களுக்குரிய டெஸ்டோஸ்டிரோன் என்ற சுரப்பும் அந்த நாட்களில் குறைந்து போவதைக் கண்டிருக்கிறார்கள்.

சரக்குக் கணக்கு

வியாபாரிகளே! உங்களுக்குப் புரிகிற கணக்கிலேயே சொல்கிறேன். இன்று உங்கள் கடையில் இருக்கும் சரக்கு இன்று தயாரானதா? இல்லை. எப்போதோ ஆர்டர் போட்டு, ஆலையில் தயாராகி, லாரியில் ஏறி, குடோனில் இறங்கி வந்தது. விந்தணுவும் அப்படித்தான். ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாட்கள் ஆகின்றன. அதன் பிறகு குழாயில் தங்கி முதிர்ச்சி அடைய இன்னும் சில நாட்கள். மொத்தம் மூன்று மாதக் கணக்கு.

ஆலை ஒரு வாரம் பழுதானால் என்ன ஆகும்? அடுத்து வரும் வாரங்களில் சரக்கு குறையும். ஆலை மறுபடி ஓடத் தொடங்கிய பிறகும், புதுச் சரக்கு கடைக்கு வந்து சேரும்வரை அலமாரி காலியாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து, "இந்தக் கடை மூடிப் போச்சு" என்று சொல்லலாமா?

பெல்ஜியம் நாட்டில் கொரோனாவிலிருந்து தேறிய 120 ஆண்களைப் பரிசோதித்து 2022ல் முடிவை வெளியிட்டார்கள். நோய் வந்து ஒரு மாதத்துக்குள் பரிசோதிக்கப்பட்டவர்களில் 60 சதவீதம் பேருக்கு விந்தணுவின் ஓட்டம் குறைந்திருந்தது. 37 சதவீதம் பேருக்கு எண்ணிக்கை குறைந்திருந்தது. இரண்டு மாதம் கடந்தவர்களிடம் ஓட்டக் குறைவு 28 சதவீதம், எண்ணிக்கைக் குறைவு 6 சதவீதம். யாருடைய விந்திலும் வைரஸ் இல்லை. இன்னொரு செய்தியையும் கவனியுங்கள். நோயின் கடுமைக்கும் இந்தக் குறைவுக்கும் நேரடித் தொடர்பு காணப்படவில்லை. "எனக்கு லேசாகத்தானே வந்தது, எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது" என்று யாரும் சொல்லிவிட முடியாது.

நம் நாட்டிலும் பார்த்தார்கள். பாட்னா எய்ம்ஸ் மருத்துவமனையில் 30 ஆண்களிடம் நோய் இருந்தபோது ஒரு முறையும், 74 நாட்கள் கழித்து ஒரு முறையும் விந்தைச் சோதித்தார்கள். ஒருவர் விந்திலும் வைரஸ் இல்லை. இரண்டாவது முறை நல்ல முன்னேற்றம் தெரிந்தது. ஆனாலும் முழுமையாகப் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

ஆக, முதல் கேள்விக்கு விடை இதுதான். கொரோனா ஆணின் குழந்தைப்பேற்றைத் தற்காலிகமாகப் பாதிக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு மூன்று மாதத்தை ஒட்டிச் சீராகிறது. சிலருக்குக் கூடுதல் காலம் ஆகிறது. ஏற்கெனவே குறை இருந்தவர்களுக்கு அது வெளியே தெரிகிறது. "கொரோனா வந்தவன் மலடன்" என்பது பொய். "ஆணுக்கு ஒன்றுமே ஆகாது" என்பதும் பொய்.

ஊசியா காரணம்?

இரண்டாவது கேள்விக்கு வருவோம். 2021 ஜனவரியில் கொரோனா தடுப்பூசிக்கு அனுமதி அறிவித்தபோதே, அதனால் ஆண்மை போய்விடும் என்ற பேச்சை இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரியே முன்வந்து மறுக்க வேண்டியிருந்தது. அந்த அளவுக்கு வதந்தி ஊசிக்கு முன்னால் ஓடியது.

அமெரிக்காவில் மியாமி பல்கலைக்கழகத்தில் 45 ஆண்களின் விந்தை, ஊசி போடுவதற்கு முன்பும் இரண்டு தவணை முடிந்த பின்பும் சோதித்து 2021ல் வெளியிட்டார்கள். எண்ணிக்கையும் ஓட்டமும் குறையவில்லை. பாஸ்டன் பல்கலைக்கழகத்தார் பிள்ளைக்காக முயன்ற இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தம்பதியரைத் தொடர்ந்து கவனித்து 2022ல் முடிவு சொன்னார்கள். கணவன் ஊசி போட்டிருந்தாலும் போடாவிட்டாலும் மனைவி கர்ப்பம் தரிப்பதில் வித்தியாசம் இல்லை. ஆனால் கணவனுக்குக் கொரோனா வந்து 60 நாட்களுக்குள் என்றால், கர்ப்பம் தரிக்கும் வாய்ப்பு ஒவ்வொரு மாதச் சுழற்சியிலும் 18 சதவீதம் குறைவாக இருந்தது. 60 நாள் கடந்த பிறகு அந்தக் குறைவு இல்லை. அதாவது குறைத்தது நோய்; பழி விழுந்தது ஊசி மேல்!

"அவை வெளிநாட்டு ஊசிகள், நமக்குப் போட்டது வேறு" என்று சிலர் சொல்லக் கூடும். நமக்குப் போட்ட கோவிஷீல்டு, கோவேக்சின் இரண்டிலும் உடலுக்குள் பல்கிப் பெருகும் கொரோனா வைரஸ் கிடையாது. 2022 ஜூலைக்குள் இந்தியாவில் 200 கோடித் தவணை ஊசி போட்டு முடித்தார்கள். அதற்குப் பிறகு உங்கள் தெருவில் தொட்டில் ஆடவில்லையா? அகீகா விருந்துக்கு நீங்கள் போகவில்லையா?

பயம் எங்கிருந்து வந்தது?

நம் மக்களை அறியாதவர்கள் என்று திட்டிவிட்டுப் போவது சுலபம். அப்படித் திட்டுவதற்கு நான் வரவில்லை. அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. நெருக்கடி நிலைக் காலத்தில் 1976-77 என்ற ஒரே ஆண்டில் இந்த நாட்டில் 80 லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்குக் கருத்தடை அறுவை செய்தார்கள். அவர்களில் 60 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆண்கள். பலரை ஆள்பிடித்து, மிரட்டிச் செய்தார்கள். 1976 நவம்பரில் ஹரியானாவின் உட்டாவர் என்ற முஸ்லிம் கிராமத்தைப் போலீசார் சுற்றி வளைத்து ஆண்களை அள்ளிக் கொண்டு போனார்கள். சூடுபட்ட சமுதாயம் பயப்படத்தான் செய்யும்.

ஆனால் பயம் நியாயமாக இருந்தாலும், பயத்தில் எடுக்கும் முடிவு நியாயமாக இருக்க வேண்டும் அல்லவா? நைஜீரியாவின் கானோ மாநிலத்தில் 2003ல் என்ன நடந்தது தெரியுமா? போலியோ மருந்தில் மலட்டுத்தன்மை உண்டாக்கும் சரக்கு கலந்திருக்கிறது என்று சொல்லி மருந்தை நிறுத்தினார்கள். 2004ல் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் இந்தோனேசியாவில் தயாரான மருந்தை வரவழைத்துச் சோதித்து, ஒன்றும் இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் மறுபடி தொடங்கினார்கள். அதற்குள் வைரஸ் எல்லை தாண்டிப் பல நாடுகளுக்குப் போய்விட்டது. மருந்து கொடுத்து உதவிய அந்த இந்தோனேசியாவுக்கே 2005ல் நைஜீரிய வகைப் போலியோ போய்ச் சேர்ந்து, சுமார் 300 குழந்தைகளின் கை கால்களை முடக்கியது. வதந்தியைக் கிளப்பியவர்கள் யாருடைய காலும் முடங்கவில்லை. முடங்கியது ஏழைப் பிள்ளைகளின் கால்கள்!

ஆண்மை வேறு, விந்தணு வேறு

சகோதரர்களே! விந்துப் பரிசோதனை என்றாலே நம் ஆண்களுக்கு ஏன் கோபம் வருகிறது? ஆண்மையைச் சந்தேகிக்கிறார்கள் என்று நினைக்கிறார்கள். இல்லறத்தில் ஈடுபடும் சக்தி வேறு. விந்தில் உயிரணு இருப்பது வேறு. பயில்வான் போல இருப்பவனுக்கு விந்தணுவே இல்லாமல் இருக்கலாம். ஒல்லியாக, இருமிக் கொண்டிருப்பவனுக்கு நிறைய இருக்கலாம். கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது. மைக்ராஸ்கோப்பில் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது குழந்தையின்மைப் பிரச்சனையைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023ல் சொன்னது. பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஆணிடமும் காரணம் இருக்கிறது என்பது மருத்துவர்கள் ஒப்புக் கொண்ட உண்மை. பாதிக் காரணம் ஆணிடம் இருக்க, முழுப் பழியும் பெண்ணிடம் என்றால் அது என்ன தராசு? கடையில் இப்படி நிறுத்தால் வாடிக்கையாளர் சும்மா விடுவாரா?

வெளிநாட்டில் வேலை செய்பவர்களின் கணக்கையும் பாருங்கள். "கல்யாணமாகி மூன்று வருடம் ஆச்சு, புழு பூச்சி இல்லை" என்கிறார்கள். மாப்பிள்ளை துபாயில். நிக்காஹ் முடிந்து நாற்பது நாளில் விமானம் ஏறியவர், இரண்டு வருடம் கழித்து ஒரு மாத விடுமுறையில் வந்தார். மூன்று வருடத்தில் சேர்ந்து வாழ்ந்தது எழுபது நாள்! கணவனும் மனைவியும் ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்தும் கரு தரிக்காவிட்டால்தான் மருத்துவம் அதைக் குறை என்று கணக்கெடுக்கிறது. எழுபது நாளை மூன்று வருடமாக எண்ணி ஒரு பெண்ணைத் தண்டிக்கும் அதிகாரத்தை உங்களுக்கு யார் கொடுத்தது? அந்த ஒரு மாத விடுமுறைக்குச் சற்று முன்னால் அவருக்குக் கொரோனாவோ வேறு கடும் காய்ச்சலோ வந்திருந்தால், அந்த மாதமும் கணக்கில் சேராது.

என்ன செய்ய வேண்டும்?

தம்பிமார்களே, கவனமாகக் கேளுங்கள்.

ஒன்று. பிள்ளைப்பேறு தள்ளிப் போனால் கணவனும் மனைவியும் ஒன்றாக மருத்துவரிடம் போங்கள். விந்துப் பரிசோதனை எளிது. கத்தி இல்லை, ஊசி இல்லை. தனியார் லேபில் சில நூறு ரூபாய்தான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் செய்கிறார்கள். இரண்டு முதல் ஏழு நாட்கள் உறவைத் தவிர்த்துவிட்டு மாதிரி கொடுக்க வேண்டும். லேபிலேயே கொடுப்பது நல்லது. வீட்டில் எடுத்தால் சூடு ஆறாமல் ஒரு மணி நேரத்துக்குள் கொண்டு சேர்க்க வேண்டும்.

இரண்டு. சமீபத்தில் கொரோனாவோ கடும் காய்ச்சலோ வந்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். காய்ச்சல் வந்த சூட்டில் எடுத்த ஒரு ரிப்போர்ட்டை வைத்து இடிந்து போகாதீர்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி சோதியுங்கள். ஒரு மில்லி விந்தில் 1 கோடியே 60 லட்சம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021ல் வைத்த கீழ் அளவு. அதற்குக் கொஞ்சம் குறைந்தவர்களும் தகப்பனாகியிருக்கிறார்கள்.

மூன்று. பருவம் வந்த பிறகு பொன்னுக்குவீங்கி வந்தால் அலட்சியம் வேண்டாம். அதுவும் இருமல், எச்சில் வழியாகப் பரவும் வைரஸ் நோய்தான். வயது வந்த ஆண்களில் பத்தில் இரண்டு மூன்று பேருக்கு விரை வீக்கம் வருகிறது. பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் என்பதால் முழு மலடு ஆவது அரிது. ஆனாலும் வீக்கம் கண்டால் உடனே மருத்துவரிடம் போங்கள். பிள்ளைகளுக்கு எம்.எம்.ஆர். ஊசி பற்றிக் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள்.

நான்கு. ஜிம்முக்குப் போகும் தம்பிகளுக்கு ஒரு எச்சரிக்கை. உடம்பு ஏறுவதற்காக டெஸ்டோஸ்டிரோன், ஸ்டீராய்டு ஊசி போடுகிறார்களே, அது விரையைப் பார்த்து "உன் வேலை தேவையில்லை" என்று சொல்வது போல. விந்தணு உற்பத்தி அடியோடு நின்று போகும். வெளியே புஜம் பெருக்கும். உள்ளே ஆலை மூடும். தடுப்பூசிக்குப் பயந்து ஓடியவன் இந்த ஊசிக்குக் காசு கொடுத்துக் கை நீட்டுகிறான்!

ஐந்து. பீடி, சிகரெட்டை விடுங்கள். பரோட்டாக் கல்லுக்கும் பேக்கரி அடுப்புக்கும் முன்னால் நாள் முழுவதும் நிற்கும் சகோதரர்கள் இடையிடையே சூட்டை விட்டு விலகுங்கள். அவர்களை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிமார்களே, ஒரு மின்விசிறியும் கொஞ்சம் ஓய்வும் கொடுங்கள்.

ஆறு. "மூன்றே மாதத்தில் குழந்தை உறுதி" என்று சுவரில் எழுதும் லேகிய வியாபாரியிடம் ஏமாறாதீர்கள். அவன் ஏன் மூன்று மாதம் என்கிறான்? பெரும்பாலும் உடல் தானாகச் சீராகும் காலம் அது! காய்ச்சல் ஓய்ந்து, புது விந்தணு தானாக உருவாகி வருவதைத் தன் லேகியம் செய்த அற்புதம் என்று விற்கிறான். தட்டில் எழுதிக் கரைத்துக் குடிக்கக் கொடுப்பவரின் வியாபாரமும் இதே கணக்கில்தான் நடக்கிறது.

ஜமாஅத் பெரியவர்களுக்கு

சரக்கில் குறை இருந்தால் வாங்குபவரிடம் சொல்லிவிட்டுத்தான் விற்க வேண்டும் என்று மார்க்கம் வியாபாரிக்குச் சட்டம் வைத்திருக்கிறது. ஒரு மூட்டை அரிசிக்கே இந்தச் சட்டம் என்றால் ஒரு பெண்ணின் வாழ்க்கைக்கு? தன் குறையைச் சோதித்துப் பார்க்காமல், அல்லது தெரிந்தும் மறைத்து, இரண்டாவது நிக்காஹ் செய்து இன்னொரு பெண்ணையும் மலடி என்று பேர் வாங்க வைக்கிறவனை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

குழந்தையில்லை என்று ஒரு தலாக் வழக்கு உங்கள் ஜமாஅத்துக்கு வந்தால், முதலில் பெண்ணின் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கேட்காதீர்கள். மாப்பிள்ளையின் விந்துப் பரிசோதனை ரிப்போர்ட் எங்கே என்று கேளுங்கள். ஒன்று போதாது, மூன்று மாத இடைவெளியில் இரண்டு கேளுங்கள். இருவரும் சேர்ந்து வாழ்ந்த நாட்களை எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். "ரிப்போர்ட் இல்லை" என்றால், "எடுத்துக் கொண்டு வா, பிறகு பேசுவோம்" என்று திருப்பி அனுப்புங்கள்.

பிள்ளையைக் கொடுப்பவன் அல்லாஹ். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நாடியவருக்குக் கொடுக்கிறான், நாடியவருக்குக் கொடுக்காமலும் இருக்கிறான். அப்படி நம்புகிற நாம், கொடுக்கப்படாததற்கு ஒரு பெண்ணை மட்டும் குற்றவாளியாக்குவது அந்த நம்பிக்கைக்கே முரண் இல்லையா?

இந்த உரையைப் படித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் தம்பியோ, மச்சானோ, கடையில் வேலை பார்க்கும் பையனோ பிள்ளையில்லாத கவலையில் இருந்தால் அவரைத் தனியாக அழைத்து, "நீ பரிசோதனை செய்தாயா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் லேபுக்குக் கூடவே போங்கள்.